ஏறுற கோடு சரி, இறங்குற கோடு எங்கண்ணே?

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். மலை ஏறுறதுக்கு நான் எதிரி இல்லீங்க. லீவு கிடைச்சா நாகமலைப் பக்கமோ அழகர்மலைப் பக்கமோ ஒதுங்குற கோஷ்டிதான் நானும். என் கடுப்பெல்லாம் கொஞ்ச நாளா மதுரை டீக்கடைகள்ல பரவிட்டிருக்குற ஒரு வியாதி மேலதான். அதுக்கு நான் வச்சிருக்குற பேரு 'சிகரம் கோர்க்குற வியாதி'.

அறிகுறி ரொம்ப சிம்பிள். செல்போன்ல செயற்கைக்கோள் படத்தைத் திறக்கணும். தேனி மாவட்டத்து மேற்கு ஓரமா விரலை நகர்த்தணும். கொழுக்குமலையில ஒரு புள்ளி, மீசைப்புலிமலையில (2640 மீட்டர்) ஒரு புள்ளி, டாப் ஸ்டேஷன்ல ஒண்ணு, வந்தரவுல (2553 மீட்டர்) ஒண்ணு, அப்படியே பேரிஜம் வழியா கொடைக்கானல். புள்ளியெல்லாம் கோடு போட்டு இணைச்சா திட்டம் ரெடி! "நாலு நாள் மாப்ள. பாதையே வேணாம், எல்லாம் புல்லுமேடுதான், நடந்துரலாம். இப்பத்தான் போடி வரைக்கும் ரயிலே போகுதே!"

ரயில் போகுது, உண்மைதான். 2023 ஜூன்ல இருந்து ஓடுது. ஆனா போடியைத் தாண்டி உங்க விரல் போட்ட கோடு இருக்கே, அது திட்டம் இல்லண்ணே. கோலம்.

இந்த ஆசை எங்கேர்ந்து வருதுன்னு தெரியும். அமெரிக்காவுல சியரா நெவாடா மலையில ஸ்டீவ் ரோப்பர்னு ஒருத்தர் 'சியரா ஹை ரூட்'டுன்னு ஒரு வழியை வகுத்தார். கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர், பெரும்பகுதி பாதையே இல்லாத வழி. அதைப் படிச்சுட்டு நம்ம ஆளுங்களுக்கு ரத்தம் சூடாகுது. ஆனா படிச்சவங்க ரெண்டு விஷயத்தை வசதியா விட்டுடறாங்க. ஒண்ணு, அந்த வழி சிகரத்துக்குச் சிகரம் தாவுறதில்லை. கணவாய், ஏரி, பாறைவெளின்னு மரங்கள் முடியுற உயரத்தை ஒட்டியே போகுது. ரெண்டு, அதுக்குக் கிட்டத்தட்ட இணையா ஜான் மியூர் பாதைன்னு ஒரு நல்ல பாதை கீழே போகுது. வானம் இருண்டா, கால் பிசகினா, இறங்கிச் சேர ஒரு இடம் இருக்கு. பாதை இல்லாத வழியை வகுத்தவரே பாதைக்குப் பக்கத்துலதான் வகுத்திருக்கார்!

நம்ம மலைக்கு வருவோம். இதுல கிழக்குப் பக்கம் என்ன இருக்கு? தேனிச் சமவெளியை நோக்கி ஆயிரம் மீட்டருக்கு மேல சடார்னு இறங்குற சரிவு. ஆளுயரப் புல்லு, நடுநடுவே பாறை. மேற்குப் பக்கம்? சோலைக்காடு, அதைத் தாண்டினா தேயிலை எஸ்டேட், ஜீப் ரோடு. அதாவது அவசரத்துக்கு இறங்கணும்னா பெரும்பாலும் கேரளா பக்கம்தான் இறங்கணும். ஆனா மதுரைக்காரன் மனசுல வழியெல்லாம் கிழக்கேதான், ஏன்னா பஸ்ஸு அங்கேதான் நிக்குது. திட்டத்தோட முதல் ஓட்டையே இதுதான்.

அடுத்தது மேப்பு. சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 வரைபடத்துல உயரக் கோடுகளுக்கு இடைவெளி 20 மீட்டர். ரெண்டு கோட்டுக்கு நடுவுல அஞ்சு மாடி உயரப் பாறை ஒளிஞ்சிருந்தாலும் பேப்பர்ல தெரியாது. செல்போன் செயலிகள்ல பலதும் நம்பியிருக்குற இலவச உயரக் கணக்கு 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சோலைக்காட்டுக்கு மேல ரேடார் பார்த்ததுல மர உச்சியும் தரையும் கலந்துதான் வரும். திரையில வழவழன்னு தெரியுற சரிவு நேர்ல வழுக்குப் பாறையா இருக்கும்.

நேரக் கணக்கு இன்னொரு காமெடி. 1892-ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அது நல்லா நடக்குறவன் நல்ல தரையில நடக்குறதுக்கு. முதுகுல நாலு நாள் சோறும் கூடாரமும், கண்ணுக்கு முன்னால புல்லு, காலுக்குக் கீழே குழி, சுத்தி மூடுபனின்னா அதை ரெண்டாலயோ மூணாலயோ பெருக்கிக்கணும். தண்ணியும் முகட்டுல கிடைக்காது, சோலை மடிப்புக்குள்ள இறங்கணும். இறங்கி ஏறுற நேரம் உங்க கோட்டுல இருக்கா? ம்ஹூம்.

அப்புறம் தீ.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. குரங்கணி. மதுரையில இருக்குற யாருக்கும் அந்த ராத்திரியை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. தீக்காயத்தோட தேனிக்கும் நம்ம ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பத்தித்தான் ஊரே பேசிட்டிருந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த ரெண்டு குழு. முந்தின நாள் ஏறி, கொழுக்குமலையில தங்கி, மறுநாள் குரங்கணிக்கு இறங்குற வழியில காஞ்ச புல்லுல தீ சூழ்ந்துருச்சு. கடைசிக் கணக்குல 23 உயிர். செத்தவங்க மேல பழி போட எனக்கு வாய் வராது. ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வர்றேன். அவங்க நடந்தது பாதை இருந்த வழி. ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச வழி. அதனாலதான் குரங்கணி ஜனங்க இருட்டுல ஏறிப் போயி, டோலி கட்டித் தூக்கிட்டு வர முடிஞ்சது. பாதையே இல்லாத, யாருக்கும் பேர் தெரியாத ஒரு சரிவுல அது நடந்திருந்தா?

தீயைப் பத்தி ஒரு கணக்கு உண்டு. சரிவு 10 டிகிரி கூடக்கூட, மேல்நோக்கிப் போற தீயோட வேகம் சுமாரா ரெண்டு மடங்காகும். 30 டிகிரி சரிவுல எட்டு மடங்கு. உசேன் போல்ட்டுக்கே அந்தப் புல்லுக்குள்ள மேல்நோக்கி ஓடுறது கஷ்டம், நாம எம்மாத்திரம்? இந்தச் சரிவுல முக்கியமான மழை ஐப்பசி கார்த்திகையில. தையில புல்லு காய ஆரம்பிச்சு, மாசி பங்குனியில தீக்குச்சியா நிக்கும். நம்ம ஆளுங்க "மழை இருக்காது மாப்ள, வானம் கிளியரா இருக்கும்"னு தேதி குறிக்கிறதும் அதே மாசி பங்குனிதான்!

இன்னொரு வேடிக்கை. அந்தக் கோடு எத்தனை பேர் வீட்டு வாசல் வழியா போகுது தெரியுமா? தேனி வனத்துறை, தனியார் தேயிலைத் தோட்டம், மீசைப்புலிமலைக்கு கேரள வன மேம்பாட்டுக் கழகம், அப்புறம் கேரளாவோட பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா, கடைசியா நம்ம கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம். ரெண்டு மாநிலம், அஞ்சு பூட்டு. குரங்கணிக்கு அப்புறம் 2018-லயே தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனி விதிகளும் வந்தாச்சு. "யார் பார்க்கப் போறா?"ன்னு கேக்குறவங்களுக்கு என் பதில்: யாரும் பார்க்க மாட்டாங்க. அதான் பிரச்சினையே. நீங்க எங்க இருக்கீங்கன்னு யாருக்குமே தெரியாது.

அரசாங்கத்தையும் சும்மா விடுறதா இல்லை. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 வழிகளைத் திறந்தாங்க. குரங்கணி–சாம்பலாறு இருக்கு, நம்ம குட்லாடம்பட்டி தாடகை மலையும் இருக்கு. வழிகாட்டிகளும் கூட வர்றாங்க. நல்ல காரியம், கைதட்டுறேன். ஆனா காலையில ஏறி சாயங்காலம் இறங்குற வழிகளே ஒருத்தனை மலைக்காரனா ஆக்கிடாது. மேப்பு படிக்க, காத்து பார்க்க, தண்ணி கணக்கு போட, 'இன்னிக்கு வேணாம், திரும்புவோம்'னு சொல்லப் பழகுற இடம் எங்கே? நேர்வழியில நீண்ட நடைக்கு வழியே இல்லைன்னா, ஆர்வக்கோளாறுங்க திருட்டு வழியிலதான் போவாங்க. தமிழ்நாடும் கேரளாவும் உக்காந்து பேசி, மழை முடிஞ்ச மார்கழியில மட்டும், சின்னக் குழுவா, குரங்கணி, கொட்டகுடி ஆளுங்களையே வழிகாட்டியா வச்சு, இந்த முகட்டுல ஒரு நீண்ட பாதையை முறைப்படி திறக்கட்டும். வேணாம்னா ஏன் வேணாம்னு காரணத்தை எழுதட்டும். யானைக்கும் வரையாட்டுக்கும் இடைஞ்சல்னு சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

அதுவரைக்கும் கோடு போடுறவங்களுக்கு ஒரே ஒரு பரிட்சை. உங்க கோட்டுல ரெண்டு மணி நேர நடைக்கு ஒரு இடம்னு புள்ளி வையுங்க. ஒவ்வொரு புள்ளியிலும் மூணு கேள்விக்குப் பதில் எழுதுங்க. இங்கேர்ந்து எந்தப் பக்கம் இறங்குவேன்? இறங்கினா எந்த ஊருக்குப் போய்ச் சேருவேன்? நான் வரலைன்னு அந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? ஒரு புள்ளியில பதில் இல்லைன்னாலும் அந்தக் கோட்டை அழிச்சுருங்க.

இதே முகட்டுல கொடைக்கானல்ல இருந்து டாப் ஸ்டேஷன் வழியா மூணாறுக்கு ஒரு ரோடு இருந்துச்சு. 1942-ல, ஜப்பான்காரன் வந்துட்டா தப்பிச்சுப் போறதுக்குன்னு வெள்ளைக்காரன் தயார்பண்ணி வச்சது. 1990-ல மூடிட்டாங்க. அதுக்கு இன்னிக்கும் பேரு 'எஸ்கேப் ரோடு'. உச்சிக்குப் போறவன் முதல்ல யோசிக்க வேண்டியது என்னன்னு அந்தப் பேரே சொல்லுது. நாமதான் காதுல வாங்கலை.

டிஸ்கி: நாலு நாள் கோட்டை ஏற்கெனவே பிரிண்ட் எடுத்து வச்சிருக்குற அண்ணன்மார்கள் ஆரப்பாளையத்துக்கு ஆட்டோ அனுப்ப வேணாம். திட்டவே வேணும்னா தாராளமா திட்டுங்க, ஆனா இறங்குற வழியோட வந்து திட்டுங்க :-)