போதும்னு சொன்னா போதாது

வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு நம்ம ஊரில் எல்லாரும் இலவசமாகத் தருவது ஒரே அறிவுரைதான். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." எனக்கு இதைச் சொன்னவர்கள்: அம்மா, பெரியம்மா, வங்கி மேனேஜர், ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டி வந்த அண்ணன். அம்மா கூடுதலாக ஒன்று சேர்த்தார்: "அது வேணும் இது வேணும்னு கேட்டு நம்ம பேரைக் கெடுத்துடாதடி."

இந்த அறிவுரை தப்பு என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்ல என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை :)

பி.காம் மூன்றாம் வருஷத்தில் ஒரு செமஸ்டர் மெல்போர்னில் படிக்க வாய்ப்பு வந்தது. 2024 ஜூலையில் போய் இறங்கினேன். ஹாஸ்டலில் இடம் இல்லாததால் ஹோம்ஸ்டே. அதாவது உள்ளூர்க்காரர் வீட்டில் ஓர் அறை, வார நாட்களில் காலைச் சாப்பாடும் ராத்திரிச் சாப்பாடும், சனி ஞாயிறு மூன்று வேளை. வாரத்துக்கு 360 டாலர். அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 20,000 ரூபாய். அந்தக் காசுக்காக அம்மாவின் ஆரமும் இரண்டு வளையலும் மதுரையில் வங்கி லாக்கருக்குள் போயிருந்தன, அடகாக.

வீட்டில் இருந்தவர் ஒருவர்தான். அறுபதைத் தாண்டியவர், ஓய்வு பெற்ற நூலகர். கூடவே ஒரு கிழட்டு நாய். பெயரைச் சொல்லியே கூப்பிடு என்றார். அம்மாவைவிடப் பெரியவரை எப்படிப் பெயர் சொல்லுவது? "ஆன்ட்டி" என்றேன். "நான் உனக்கு எப்படி ஆன்ட்டி ஆவேன்?" என்று நிஜமாகவே யோசித்தார். பத்து நாள் "எக்ஸ்கியூஸ் மீ" என்றே காலத்தை ஓட்டினேன்.

முதல் நாள் சாயங்காலம் ஆறு மணி. நம்ம ஊரில் மதியம் ஒன்றரை, அம்மா சாப்பிட உட்காரும் நேரம். "டீ ரெடி" என்று கதவைத் தட்டினார். "தேங்க்ஸ், நான் டீ குடிக்கிறதில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த ஊர்ப் பெரியவர்கள் பலர் ராத்திரிச் சாப்பாட்டைத்தான் டீ என்பார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பயணக் களைப்பு போல என்று அவர் விட்டுவிட்டார். நான் எட்டு மணி, ஒன்பது மணி என்று சாப்பாட்டுக்குக் காத்திருந்தேன். வீட்டில் விளக்கு அணைந்தது.

இது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படி இல்லை.

நம்ம வீடுகளில் "போதும்" என்பதற்கு அர்த்தம் போதும் என்பது அல்ல. முதல் "போதும்" மரியாதைக்கு. இரண்டாவது "போதும்" மரியாதைக்கு மரியாதை. மூன்றாவதுதான் வயிறு சொல்வது. பரிமாறுகிறவருக்கும் இது தெரியும், அதனால்தான் கரண்டி நிற்காது. மெல்போர்னில் அந்த அம்மா ஒரே ஒரு தடவை "இன்னும் வேணுமா?" என்று கேட்டார். நான் "நோ தேங்க்ஸ்" என்றேன். பாத்திரம் மூடப்பட்டு ஃப்ரிட்ஜுக்குள் போய்விட்டது. வேண்டாம் என்றவளை வற்புறுத்துவது அங்கே மரியாதைக் குறைவு. ஆக ரெண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம், நான் பட்டினி கிடந்தேன்.

ஒன்றை மட்டும் அட்ஜஸ்ட் பண்ணவே தேவைப்படவில்லை. குளியலறைச் சுவரில் ஒரு சின்ன மணல் கடிகாரம் ஒட்டியிருந்தது. 1997 முதல் 2009 வரை அங்கே நீண்ட வறட்சி. நான்கு நிமிஷத்தில் குளித்து முடிக்க வேண்டும் என்று அப்போது தண்ணீர் நிறுவனங்கள் வீடுகளுக்குக் கொடுத்தது. வறட்சி போயும் அவர் அதைக் கழற்றவில்லை. குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு நான்கு நிமிஷம் தாராளம்.

மூன்றாவது வாரம். ராத்திரி பதினொரு மணிக்குச் சமையலறை இருட்டில் நின்று, கடையில் வாங்கின ரொட்டியில் அம்மா கொடுத்துவிட்ட பருப்புப்பொடியைத் தூவித் தின்றுகொண்டிருந்தேன். விளக்கு எரிந்தது. வாசலில் அவர். "என் சமையல் பிடிக்கலையா?" "பிடிக்கும்." "அப்புறம்?" வாயில் ரொட்டி, பதில் இல்லை. அவர் முகம் சுருங்கிப்போய்ப் படுக்கப் போனார்.

காலையில் மேசை மேல் ஏஜென்சி கொடுத்த ஒப்பந்தத் தாள் இருந்தது. சாப்பாடு பற்றிய வரிக்குக் கீழே பென்சில் கோடு. "இதுக்கு நான் காசு வாங்கறேன். நீ இந்த வீட்டில் பசியோட படுத்தா, நான் உன்னை ஏமாத்தினவள் ஆகிறேன். என்னை ஏன் அப்படி ஆக்கினே?" என்றார். குரல் நடுங்கியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல பேர் வாங்குவதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் இல்லையா, அந்த மௌனத்தால் ஒரு நல்ல மனுஷிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்திருந்தேன். வளையலை அடகு வைத்து அனுப்பின காசு ஒரு பக்கம் போகிறது, அதற்கு எதிரே வர வேண்டிய சோறு வரவில்லை. மூன்று வருஷம் இரட்டைப் பதிவுக் கணக்கு படித்தவளுக்கு இது உறைக்கவில்லை பாருங்கள்.

அவர் அன்று "நீ என் பொண்ணு மாதிரி" என்று சொல்லியிருந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் மூன்று மாசம் பட்டினி கிடந்திருப்பேன். ஒப்பந்தத் தாளைக் காட்டியதால்தான் வாய் திறந்தது. சோறு வேண்டும் என்றேன், காரம் வேண்டும் என்றேன், அறையில் குளிர்கிறது என்றேன். அந்த வாரமே அஞ்சு கிலோ பாஸ்மதி வந்தது, அறைக்கு ஒரு ஹீட்டர் வந்தது. புதன்கிழமை சமையல் என் பொறுப்பு என்றார். முதல் புதன் ரசத்துக்குத் தாளித்தேன், புகை அலாரம் வீடே அதிர அலறியது. நாய் கட்டிலுக்கு அடியில். அவர் நாற்காலி மேல் ஏறி டவலால் விசிறினார்.

கூடவே எனக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. வியாழன் ராத்திரி குப்பைத்தொட்டிகளைத் தெருவுக்குத் தள்ள வேண்டும். சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி, எந்த வாரம் எது என்று ஒரு கணக்கு. ஒரு வாரம் தப்பாகத் தள்ளிவிட்டுத் திட்டு வாங்கினேன். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் விருந்தாளியாக இல்லாமல் இருந்தேன்.

காசு வாங்கிக்கொண்டு தங்கவைப்பது எப்படிக் குடும்பம் ஆகும் என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. உலகப் போர்களில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் தொடங்கின ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு 1947 முதல் பள்ளி மாணவர்களை வேறு நாட்டுக் குடும்பங்களில் தங்கவைக்கிறது. அந்தக் குடும்பங்கள் காசு வாங்குவதில்லை. பெரிய மனசு, கும்பிடலாம். ஆனால் என்னை மாதிரி ஆள் அங்கே போயிருந்தால், சும்மா போடுகிற சோற்றில் இன்னும் கொஞ்சம் கொடு என்று எந்த வாயால் கேட்டிருப்பேன்?

எல்லா வீடும் இப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. என் வகுப்பில் ஒருத்தனுக்குப் பல நாள் ராத்திரி நூடுல்ஸ் பாக்கெட்தான். ரெண்டு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டான், வேறு ஊர்க்காரன்தான், ஆனால் அவன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடம் போல. கடைசியில் ஏஜென்சியிடம் சொல்லி, ரெண்டு வார நோட்டீஸ் கொடுத்து வீடு மாறினான். கேட்டுப் பார்த்தால்தான் இருப்பது எந்த மாதிரி வீடு என்றே தெரிகிறது.

பிறகு சத்திய சோதனையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1888இல் லண்டன் போன காந்தி, வெஸ்ட் கென்சிங்டனில் ஒரு விதவை அம்மாவின் வீட்டில் காசு கொடுத்துத் தங்கினார். சைவச் சாப்பாடு. அந்த அம்மாவின் ரெண்டு பெண்களும் வற்புறுத்தி ஒன்றிரண்டு ரொட்டித் துண்டு கூடுதலாக வைப்பார்களாம். அவருக்கோ ஒரு முழு ரொட்டி வேண்டும், கேட்க வெட்கம். ஊரெல்லாம் நடந்து ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ ஓட்டலைக் கண்டுபிடித்த பிறகுதான் வயிறு நிறைந்தது. பிற்காலத்தில் ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்த்துக் கேட்டவருக்கு பத்தொன்பது வயசில் இன்னொரு துண்டு ரொட்டி கேட்க முடியவில்லை. நான் எம்மாத்திரம்!

நவம்பரில் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அவரே சாம்பார் வைத்தார். கொஞ்சம் இனிப்பாக இருந்தது, சொன்னேன். ரெண்டாவது கரண்டி வந்தபோது பழக்கத்தில் "போதும்" என்றேன், தமிழிலேயே. அந்த ஒரு வார்த்தை அவருக்குத் தெரியும். கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இது மெல்போர்ன் போதுமா, மதுரை போதுமா?"

மதுரைதான் என்றேன்.