யானை கடந்த இடத்தோடு கடந்த நேரத்தையும் காட்டுங்கள்

மாண்புமிகு வனத்துறை அமைச்சர் அவர்களுக்கும், தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்களுக்கும்:

2023 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் பிடிபட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானைக்கு ரேடியோ காலர் மாட்டி, டாப்சிலிப் காட்டில் கொண்டுபோய் விட்டீர்கள். சில நாட்களிலேயே அது மலையிறங்கியது. பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, மதுக்கரை என்று வடக்கே பார்த்து நடந்து, கோவை நகரத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டது. மயக்க ஊசி போட்டு மறுபடியும் பிடித்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் நகருக்குள் புகுந்தது. அதன் கழுத்திலும் காலர் இருந்தது. இரண்டு முறையும் ஊரெல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: இப்போது எங்கே நிற்கிறது?

ஆபத்து வேளையில் அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பரபரப்பு அடங்கிய பிறகு, அந்தக் காலர்கள் அனுப்பிய புள்ளிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது என்று மக்களுக்கு யாரும் காட்டவில்லை. வரைபடங்களோடு வேலை செய்து பிழைப்பவன் என்ற முறையில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலர் அனுப்புவது மிக எளிய தகவல்: இடம், தேதி, மணி. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பதிவானால் நாளைக்கு ஆறு புள்ளி, ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். இவ்வளவையும் வரைபடத்தில் கொட்டி, அடர்த்திக்கு ஏற்ப வண்ணம் பூசினால் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டு கிடைக்கும். கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டப் பொருத்தமான படம் அது. ஆனால் யானை எங்கே அதிக நேரம் நின்றது என்பதை மட்டுமே அது சொல்லும். கோடையில் வந்ததா மழையில் வந்ததா, பகலா இரவா, மேய்ந்துகொண்டு போனதா விரைந்து கடந்ததா என்பதெல்லாம் அந்த வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும்.

வழித்தடம் என்று வரும்போது இந்தப் படம் நம்மை நேராகவே ஏமாற்றுகிறது. இரண்டு காடுகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தேயிலைத் தோட்டமும் சாலையும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யானைக்கூட்டம் அதை அரை மணி நேரத்தில் கடந்துவிடும். மாலை 6 மணிப் புள்ளி மேற்குக் காட்டில் விழுகிறது, இரவு 10 மணிப் புள்ளி கிழக்குக் காட்டில் விழுகிறது. கடந்த இடத்தில் ஒரு புள்ளிகூடப் பதிவாகவில்லை. அடர்த்திப் படத்தில் அந்த இடம் வெள்ளையாகவே இருக்கும். அதாவது எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ, அந்த இடம்தான் படத்தில் இல்லாமல் போகிறது.

சரி, புள்ளிகளைக் கோட்டால் இணைத்துவிடலாமே என்றால், அந்தக் கோட்டைப் போடுவது மென்பொருள். யானை நேர்கோட்டில் நடப்பதில்லை. ஓடைக்கரையைப் பிடித்துச் சுற்றிப் போயிருக்கலாம். கோடு மட்டும் யாரோ ஒருவர் வீட்டுக் கூரைமேல் ஏறிப் போகும். நீலகிரியின் கூடலூரில் பட்டா கேட்டு எத்தனையோ காலமாகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை.

ஆகவே புள்ளிகளோடு நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள். பகல் புள்ளிக்கு ஒரு நிறம், இரவுப் புள்ளிக்கு இன்னொரு நிறம் கொடுத்தாலே படம் பேச ஆரம்பிக்கும். சாலைக்குச் சற்றுத் தள்ளி, பொழுது சாய்ந்த பிறகு புள்ளிகள் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் குவிந்து, நள்ளிரவுக்குப் பிறகே எதிர்ப்பக்கத்தில் தோன்றினால், கூட்டம் வாகனங்கள் ஓய்வதற்காகக் காத்து நிற்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே தூரம் திடீரென்று கூடினால், அங்கே அது நிற்க விரும்பாமல் கடக்கிறது. ஒரு வேலியை ஒட்டியே புள்ளிகள் வரிசையாகப் போனால், பழைய வழி அடைபட்டு வேறு வழி தேடுகிறதா என்று நேரில் போய்ப் பார்க்கலாம். பதிவு நேரங்களில் விழும் இடைவெளியைக் கவனித்தால், சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்கில் யானையே இல்லை என்று தவறாக முடிவு கட்டவும் மாட்டோம்.

நேரத்தை வைத்து முடிவெடுப்பது அரசுக்குப் புதிதல்ல. 2022 பிப்ரவரி முதல் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. முதுமலையைத் தாண்டிப் பந்திப்பூர் சாலையிலும் இரவுத் தடை இருக்கிறது. வால்பாறை இதைவிட ஒரு படி மேலே போயிருக்கிறது. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேட்டுநிலத்தில் யானை ஆய்வாளர் ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் யானைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து குறித்தார்கள். பகலில் எந்தச் சோலைத் துண்டில், எந்த ஆற்றோரத்தில் ஒதுங்குகின்றன என்று கண்டார்கள். யானை பக்கத்தில் இருப்பதே தெரியாமல் நடந்து போனவர்கள்தான் அதிகம் இறந்தார்கள் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். பிறகு அந்தத் தகவல் குறுஞ்செய்தியாகவும், கேபிள் டிவியில் ஓடும் வரியாகவும், சாலையோரத்துச் சிவப்பு விளக்காகவும் தோட்டத் தொழிலாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பும் பெண்ணுக்கு யானையின் வாழிடப் பரப்பளவு தேவையில்லை. இன்று மாலை அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் தேவை.

யானை கடக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் வசதி கோவையிலும் வந்துவிட்டது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பின் மதுக்கரைத் தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்களும் வெப்பக் கேமராக்களும் நிறுவி, 2024 பிப்ரவரியில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தீர்கள். மனதார நன்றி. எந்தக் கிலோமீட்டரில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்குக் கடக்கின்றன என்பதை அந்தக் கேமராப் பதிவுகளிலிருந்து ஒரே பக்க அட்டவணையாக வரையலாம். அதை வரைந்து வெளியிடுங்கள்.

வெளியிட்டால் வேட்டைக்காரர்கள் கையில் சிக்கும் என்ற கவலை நியாயமானது. 2013-ல் பன்னாவில் ஒரு புலியின் காலர் தகவல் வரும் மின்னஞ்சலுக்குள் நுழைய யாரோ முயன்ற செய்தி நாடு அறிந்தது. நேரலை இருப்பிடத்தை வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. பல மாதம் பழைய தகவலை, துல்லியத்தைக் குறைத்து, தந்தமுள்ள ஆண் யானைகளின் பதிவுகளையும், யானைகள் ஒளியும் இடங்களையும் நீக்கிவிட்டுத் தாருங்கள். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

2024-ல் தமிழ்நாட்டு யானை வழித்தடங்கள் 42 என்று சொல்லும் வரைவு அறிக்கை வந்தபோது, அது ஆங்கிலத்தில் இருக்கிறது, கருத்துச் சொல்ல அவகாசம் போதவில்லை என்று நீலகிரி மக்கள் முறையிட்டார்கள். இறுதி முடிவுக்கு முன் ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தமிழில் ஒரு படம் போடுங்கள். எத்தனை யானைகளின் பதிவு, எத்தனை மணி இடைவெளி, எவை உண்மையான புள்ளிகள், எவை மென்பொருள் இணைத்த கோடுகள் என்று அதன் கீழேயே எழுதுங்கள். கோடு சந்தேகமாக உள்ள இடங்களில், பேட்டரி சீக்கிரம் தீர்ந்தாலும் பரவாயில்லை என்று பதிவு இடைவெளியைச் சில வாரங்களுக்குப் பதினைந்து நிமிடமாகக் குறையுங்கள். அந்தக் காட்டில் தினம் நடக்கும் வேட்டைத் தடுப்புக் காவலரையும் பழங்குடிப் பெரியவர்களையும் படத்தின் முன் உட்காரவைத்து, கோடு சரியா என்று கேளுங்கள். அவர்கள் திருத்திய படத்தைக் கிராம சபைக்கு ஒரு மாதம் முன்னதாகவே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கோவை மலையடிவாரத்தில் வசிக்கும் ஒரு வரைபடத் தொழிலாளி