புது லேப்டாப்பில் பழைய விண்டோஸ்

புழுதி விதைப்பு முடிச்சுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிற நேரம் இது. வேலை இல்லாததால, முதுகுளத்தூர்ல பத்திரம் டைப் அடிக்கிற மச்சான் கடையில ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். புது லேப்டாப் வாங்கியிருந்தார். வாங்கின கையோட விண்டோஸ் 11-ஐ அழிச்சுட்டு விண்டோஸ் 7 போடணும்னு ஒத்தக்கால்ல நின்னார்.

சிரிக்காதீங்க. பதினஞ்சு வருசத்துக் கிரயம், பாகப்பிரிவினை எல்லாம் பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கு. அதை அடிக்கிற சாஃப்ட்வேர் புதுசில் திறக்க மாட்டேங்குது. எங்க பங்காளிகள் பாகப்பிரிவினை நகலும் அதுக்குள்ளதான்.

பென் டிரைவைச் சொருகினோம். விண்டோஸ் லோகோ வந்தது, அப்படியே நின்னது. விண்டோஸ் 7 வந்தது 2009-ல். திரையில படம் காட்டவே அதுக்குப் பழைய பயாஸ் தயவு வேணும்; இப்ப வர்ற லேப்டாப் பலதுல அது கிடையாது. அதைத் தாண்டினாலும் யூஎஸ்பி 3-க்கு டிரைவர் இல்லை, மவுஸ் நகராது.

ஏதாவது சைட்ல டிரைவர் தேடி எடுத்துப் போட்டுத் தர்றேன்னான் கடைப் பையன். நான் விடல. அதே லேப்டாப்லதான் ஊர்க்காரங்களுக்குப் பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று எல்லாம் எழுதிப் போடுறார். எங்க ஆதார் நகலும் பாஸ்புக்கும் அதுலதான் ஏறும். விண்டோஸ் 7-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓட நின்னாச்சு. கதவில்லாத வீட்டுல நெல் மூட்டை அடுக்குவோமா?

சென்னையில இருக்கிற மருமகன், "பழசைத் தூக்கிப் போடுங்க மாமா"ங்கிறார். அவருக்கென்ன, சொல்லிட்டார். டிராக்டர் வந்தாலும் மாட்டுக் கலப்பையைக் கொட்டகையில வச்சிருக்கிற ஆளுங்க நாங்க. ஆனா அதை டிராக்டர்ல கட்டுறதில்லை.

கடைசியில விர்ச்சுவல்பாக்ஸ் போட்டோம், அது இலவசம். விண்டோஸ் 11-க்குள்ளேயே ஒரு ஜன்னலில் விண்டோஸ் 7 ஓடுது. அதுக்கு நெட் இணைப்பைத் துண்டிச்சாச்சு. பழைய சாஃப்ட்வேர் திறந்ததும் மச்சான் முகத்தைப் பாக்கணுமே!

ஆனாலும் இது தற்காலிகம்தான்னு அவர்கிட்ட சண்டை போட்டுட்டு இருக்கேன். 2010 கோவை செம்மொழி மாநாட்டு சமயத்துலயே யூனிகோடை அரசு ஏத்துக்கிட்டது. அப்பவே மாறியிருந்தா இந்தப் பாடே இல்லை. இப்ப தினம் பத்து ஃபைலா மாத்துறோம். எங்க பாகப்பிரிவினையில 'கிழக்கு' வர்ற இடமெல்லாம் 'ழ' வேற எழுத்தா மாறிப்போச்சு. நான்கெல்லையையும் ஒவ்வொண்ணா கையால திருத்திக்கிட்டு இருக்கோம். மழையும் இன்னும் வரல.