மெட்டில் எறிந்த கல்

முந்தலைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிப் போடிமெட்டை அடைகிறவர்களில் சிலர், அங்கிருந்து பள்ளத்தை நோக்கிக் கல்லொன்றை வீசிவிட்டு, 'உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவு, அதனால்தான் இவ்வளவு தூரம் போகிறது' என்று தீர்ப்பளிக்க, படித்தவர்களும் அதை ஆமோதிக்கக் காண்கிறோம். உயரே செல்லச் செல்ல ஈர்ப்பு குறைகிறது என்ற வரையில் அது சத்தியமே. அதிலிருந்து அவர்கள் வருவிக்கும் முடிவுதான் அபத்தம்.

எவ்வளவு குறைகிறது என்பதே முதற்கேள்வி. போடிநாயக்கனூருக்கும் மெட்டுக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1000 மீட்டர். வெறும் ஆகாயத்தில் அவ்வளவு உயர்ந்தால் ஈர்ப்பு 10,000-இல் 3 பங்கு குறையும். நாம் ஏறுவதோ ஆகாயத்தில் அன்று, மலைமீது. காலடியிலுள்ள பாறைத் திரளும் தன் பங்குக்குக் கல்லைக் கீழே இழுக்கிறது. மலைக்கு இத்தகைய ஆகர்ஷணம் உண்டென்பதை ஸ்காட்லாந்தின் ஷிஹாலியன் மலைச் சாரலில் தூக்குநூல் சாய்வதைக் கொண்டு மாஸ்கெலின் 1774-இலேயே அளந்து காட்டினார். பொட்டிப்புரத்தருகே நியூட்ரினோ ஆய்வகத்துக்கென விஞ்ஞானிகள் தேர்ந்தது இம்மலைகளின் பாறைத் திண்மையை முன்னிட்டே என்பதை நினைத்தால், இழந்ததில் சுமார் மூன்றிலொரு பங்கை மலையே ஈடுசெய்துவிடுவது ஆச்சரியமன்று. மிஞ்சுவது 10,000-இல் 2. போடியில் சுருள்வில் தராசில் நிறுத்த 50 கிலோ ஏலக்காய் மூட்டை மெட்டில் 10 கிராம் குறைத்துக் காட்டும். படிக்கல் இட்டு நிறுத்தாலோ, படிக்கல்லும் அதே விகிதத்தில் இளைத்திருக்குமாதலால், அதுவும் தெரியாது. (ஏலக்காய் விற்கும் விலையில் 10 கிராமை அலட்சியம் செய்யாத வியாபாரிகள் உண்டென்பது வேறு விஷயம்.) சமதரையில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 45 பாகை சாய்த்து எறிந்த கல், காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால், 41 மீட்டர் செல்லும், மெட்டின் குறைந்த ஈர்ப்பு அதனோடு சேர்ப்பது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

அப்படியானால் கண் கண்ட தூரம் எங்கிருந்து வந்தது? சரிவிலிருந்து. ஏலத்தோட்டச் சரிவு 30 பாகை இறங்குவதாகக் கொண்டால், மேற்சொன்ன அதே கல், அதே வேகத்தில், அதே கோணத்தில் பள்ளத்தை நோக்கி எறியப்பட்டு, கிடையளவில் 64 மீட்டருக்கு அப்பால் சென்று விழும். தரை தன்னைவிட்டு விலகிக்கொண்டே போவதால் கல்லுக்குப் பறக்கும் அவகாசம் நீள்கிறது. 23 மீட்டர் தந்த சரிவைப் பாராமல், அற்ப சென்டிமீட்டர் தந்த ஈர்ப்புக் குறைவுக்குப் புகழ் சூட்டுவது நியாயமாகாது. உயரத்துக்கும் சிறிது பங்கு தரவேண்டுமென்று வாதிப்போர், காற்றைச் சொல்லலாம்: மெட்டில் காற்று பத்தில் ஒரு பங்கு மெலிந்தது, அதனால் வரும் ஆதாயம் ஈர்ப்புக் குறைவின் ஆதாயத்தைப் போல் பல மடங்கு.

'எடை குறைவதால் கை வேகமாக எறிகிறது' என்பாரும் உளர். கையை எதிர்ப்பது கல்லின் எடை மட்டுமன்று, அதன் பொருண்மையும்தான். தூக்கிப் பிடிப்பது இலகுவாகலாம். விசிறி எறியும்போது அது காட்டும் பிடிவாதம் சந்திரனிலும் அணுவளவும் குறையாது.

சந்திரனைச் சொன்னதும், அங்கே ஈர்ப்பு ஆறிலொரு பங்கு, ஆகவே எப்படி எறிந்தாலும் ஆறு மடங்கு தூரம் என்பார்கள். ஒரே வேகத்தில் எறிந்தால் சமதரையிலும் சீரான சரிவிலும் அது மெய். மேற்சொன்ன 41 மீட்டர் அங்கே 247 ஆகும். ஆனால் செங்குத்தான பாறை விளிம்பில் நின்று கிடைமட்டமாக எறிந்தால், விழும் காலம் ஈர்ப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே நீளுமாகையால், தூரம் சுமார் இரண்டரை மடங்குதான். 1971 பிப்ரவரியில் அப்போலோ 14 பயணத்தின்போது ஆலன் ஷெப்பர்டு அங்கே கோல்ஃப் பந்தை அடித்துவிட்டு, மைல் கணக்கில் போகிறதென்று வேடிக்கையாகச் சொன்னார். பிற்காலத்தில் புகைப்படங்களை ஆராய்ந்தபோது பந்து கிடந்தது 40 கஜத்துக்குள். விறைத்த உடுப்புக்குள் ஒரு கையால் அடித்தவருக்கு, ஈர்ப்பு எவ்வளவு தளர்ந்தும் வேகம் கிடைக்கவில்லை.

மெலிந்த ஈர்ப்பைப் பூமியிலேயே தேடுவோர் உயரத்தை விட்டு அட்சரேகையைப் பார்க்கட்டும். பூமியின் சுழற்சியாலும் நடுப்பருமனாலும், ஹெல்சிங்கியைவிடப் போடி ஊருக்குள்ளேயே ஈர்ப்பு 1,000-இல் கிட்டத்தட்ட 4 பங்கு குறைவு. 80 மீட்டர் ஈட்டி எறிபவனுக்கு அது தரும் லாபம் சுமார் 30 சென்டிமீட்டர். மெட்டுக்குப் பஸ் ஏறும் செலவும் மிச்சம்.