வேடமிட்ட நகரம்

ஓர் ஊரைப் படம்பிடிப்பது வேறு. அவ்வூரை அறிவது வேறு. இவ்வேற்றுமையை உணராதோர், பினாங்கில் படப்பிடிப்பு நடந்தாலே ஊருக்குப் பெருமை வந்துவிட்டதெனக் களிக்கின்றனர். பெருமை எவ்வூருக்கு? 1992இல் வெளிவந்த 'இந்தோசீன்' என்னும் பிரெஞ்சுப் படத்தில் ஜோர்ஜ் டவுனின் நீல மாளிகை வியட்நாமிய மாளிகையாயிற்று. 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒளியேறிய 'இந்தியன் சம்மர்ஸ்' தொடரில் இத்தீவே இமயத்துச் சிம்லாவாயிற்று. நகரம் நடித்தது; அதன் பெயர் மறைந்தது.

பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு இதற்கு நேர்மாறானது. 1974இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வழியே பரவிய இவ்வாட்டத்தில், ஒருவர் கதைக்களத்தை விரிப்பார். ஏனையோர் மாந்தராய் அதனுள் உலவுவர். கேமரா காட்டாத கதவுக்குப் பின்னே ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. ஆடுபவரோ எக்கதவையும் தட்டலாம். உள்ளே இருப்பவர் யார்? அவர் தொழில் என்ன? எவரிடம் கடன்பட்டார்? அனைத்திற்கும் விடை வேண்டும். ஆகவேதான் எட் கிரீன்வுட் படைத்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' உலகம் 1987இல் நிலப்படத்தோடும் வரலாற்றோடும் வெளியிடப்பட்டது. அவ்வுலகில் நிகழும் திரைப்படம் 2023இல் வந்தது. களம் முன்னே, படம் பின்னே.

"விளையாட்டுக்கு இத்துணை ஆராய்ச்சியா?" என நகைப்போர் உளர். கற்பனை நகரொன்றின் சந்துபொந்துகளை மனப்பாடமாய் அறிந்த தமிழ் இளைஞன், 1801இல் பள்ளிவாசல் எழுப்பிய கப்பித்தான் கிளிங் காதர் முகைதீனை அறியான் எனில், நகைப்புக்கு இடமேது? குற்றம் அவனுடையதன்று, அவனுக்குக் களம் வகுத்துத் தராத எழுத்துலகினுடையது.

களமே இல்லை என்பது வீண் சாக்கு. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' பினாங்கையும் மேடானையும் அரை நூற்றாண்டுக்கு முன்பே நாவலாக்கிக் காட்டிற்று. பினாங்கு வீதியின் செட்டியார் கிட்டங்கிகள், துறைமுகத் தொழிலாளர், சலவைத்துறை, தோளில் காவடி சுமந்து நாசி கண்டார் விற்றோர் என எழுதுவதற்குரியவை மலையெனக் குவிந்துள்ளன. நகரின் தொன்மைக்கு 2008இல் யுனெஸ்கோ சான்றளித்தது. ஆயினும், சுவர்களைக் காத்தால் போதாது; சுவர்க்குள் வாழ்ந்தோரையும் காத்தல் வேண்டும். அது எழுத்தாளர் கடன்.

சூலியா தெருவின் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு வரலாறு எழுதப்படுமாயின், பினாங்கு பினாங்காகவே திரையேறும். அதுவரை, பிறவூர்ப் பெயர் பூண்டு கூலிக்கு நடிக்கும் நிலைதான் அதற்கு வாய்க்கும்.