டாக்டர் சீட் தவறிவிட்டதா? பழைய கேள்வித்தாளை எடைக்குப் போடாதீர்கள்!

கொடுமுடிக்கு ஜனங்கள் எதற்கு வருகிறார்கள்?

பரிகாரம் செய்ய!

ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவே, காவிரிக் கரையில் இருக்கிற ஊர். கே.பி.சுந்தராம்பாள் பிறந்த ஊர். மகுடேசுவரர், வீரநாராயணப் பெருமாள், பிரம்மா ஆகிய மூவரும் ஒரே கோயிலில் இருக்கிறார்கள். ராகு தோஷம், கேது தோஷம், கல்யாணத் தடை என்று எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஆற்றில் முழுகுகிறார்கள். வன்னி மரத்தைச் சுற்றுகிறார்கள். மனம் லேசாகி ஊர் திரும்புகிறார்கள்.

ஆடிப் பெருக்கு அன்று நானும் போயிருந்தேன். படித்துறையில் கால் வைக்க இடம் இல்லை. ஒரு ஓரமாக ஒரு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்பா, அம்மா, 18 வயதுப் பையன், பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடுகிற குடும்பம்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். பையன் மட்டும் சாப்பிடவில்லை.

பேச்சுக் கொடுத்தேன். பெரியவர் மனம் விட்டுச் சொன்னார்.

"என்ற பையனுங்க. டாக்டருக்குப் படிக்கோணும்னு ஆசை. நீட் எழுதுனான். 330 மார்க்கு. சீட்டு கிடைக்கலீங்க. என்ன தோஷமோ தெரியலை. அதான் கும்பிட்டுட்டுப் போலாம்னு வந்தோம். அடுத்த வருசம் மறுபடி எழுதுறானுங்க."

"இப்போது என்ன ஏற்பாடு?"

"தங்கிப் படிக்கிற கோச்சிங்குல சேர்த்திட்டு இருக்கறோம். மஞ்சள் வித்த காசு இருக்குது. பத்தலைன்னா நகையை வைக்கோணும். இவளையும் அடுத்த வருசம் கவர்மென்டுப் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்து, பெரிய தனியார் பள்ளியில போட்டுரலாம்னு இருக்கறேன். இப்பவே தயார் பண்ணோணும் பாருங்க."

"சரிங்க அண்ணா. பையனுக்கு எதில் போச்சு?"

"மார்க்கு பத்தலீங்க."

"அது தெரிகிறது. எதனால் பத்தவில்லை?"

பெரியவர் பையனைப் பார்த்தார். பையன் ஆற்றைப் பார்த்தான்.

பணம் தயார். நகை தயார். ஒரு வருடமும் தயார். ஆனால் எங்கே ஓட்டை என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது!

ஒரே மார்க், இரண்டு நோய்

இந்தக் குடும்பம் மட்டும் அல்ல. இந்த வட்டாரத்தில் நான் பார்த்த பல வீடுகளில் இதே கதைதான். சீட் கிடைக்காவிட்டால் உடனே "மறுபடியும் முதலிலிருந்து படி" என்கிறார்கள். இது தவறு என்பது என் அபிப்பிராயம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2025-ஆம் ஆண்டுத் தேர்வில் 180 கேள்விகள். உயிரியலில் 90, வேதியியலில் 45, இயற்பியலில் 45. சரியான விடைக்கு 4 மார்க். தப்பு விடைக்கு ஒரு மார்க் போய்விடும். மொத்தம் 720.

ஒரு பையன் 330 வாங்குகிறான். உயிரியலில் 228. வேதியியலில் 81. இயற்பியலில் வெறும் 21. இவனுக்கு நோய் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இயற்பியல்!

இன்னொரு பையனும் அதே 330 வாங்குகிறான். இவன் எந்தக் கேள்வியையும் விடவில்லை. 180-க்கும் குறித்துவிட்டான். 102 சரி. 78 தப்பு. 408 மார்க்கில் 78 போயிற்று. இவனுக்கு மூன்று பாடமும் சுமாராகத் தெரியும். அவசரந்தான் நோய். "தவறான கூற்று எது?" என்று கேட்டால் சரியான கூற்றைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவியிருப்பான்.

இரண்டு பேருக்கும் ஒரே மருந்தா? இரண்டு பேரையும் ஒரே ஹாஸ்டலில் அடைத்து, ஒரே புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னால் என்ன ஆகும்? முதல் பையன் தனக்குப் பிடித்த உயிரியலையே இன்னும் ஒரு வருடம் படிப்பான்.  இயற்பியல் 21-லேயே நிற்கும்.

பெரியவரிடம் இதை அவர் பாஷையில் சொன்னேன். "மஞ்சள் கிழங்கு அழுகிப் போச்சு. அடுத்த வருடம் அதே வயலில், அதே தண்ணீர் தேங்குகிற இடத்தில், இரண்டு மடங்கு உரம் போட்டு நடுவீங்களா?"

"எப்படிங்க நடுறது? முதல்ல வடிகால் எடுக்கோணும். விதைக் கிழங்கைப் பார்க்கோணும்."

"அதேதான் அண்ணா!"

குற்றப்பத்திரிகை வீட்டிலேயே இருக்கிறது

வடிகால் எடுக்க வேண்டிய இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜோசியரிடம் போக வேண்டியது இல்லை. 2025 வரை நடந்த தேர்வுகளில், எழுதிய கேள்விப் புத்தகத்தைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. தேர்வு நடத்தும் தேசியத் தேர்வு முகமை, பிள்ளை குறித்த விடைத்தாளின் நகலையும் சரியான விடைகளையும் இணையத்தில் வெளியிட்டது. விடைத்தாள் நகல் கொஞ்ச நாள்தான் இருக்கும். அது இருக்கும்போதே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார வேண்டும். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ஒரு குறி. தெரியாமல் தப்பாயிற்றா? தெரிந்தும் கைப்பிழையா? நேரம் இல்லாமல் கடைசியில் எதையோ குறித்ததா? தெரியாததற்கு மருந்து பாடப் புத்தகம். கைப்பிழைக்கு மருந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு பழைய தேர்வுகளை எழுதிப் பழகுவது. இந்த இரண்டாவது மருந்துக்குச் செலவு மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ, அதை யாரும் மதிப்பதில்லை!

குருட்டாம்போக்கில் குறிப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான்கு விடைகளில் ஒன்றுதான் சரி. கண்ணை மூடி நான்கு கேள்விகளுக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகும். 4 வரும், 3 போகும். மிச்சம் ஒரு மார்க். அதிர்ஷ்டத்துக்குக் கூலி அவ்வளவுதான். அதுவே, தப்பு என்று தெரிந்த இரண்டு விடைகளை அடித்துவிட்டு மிச்சம் இரண்டில் ஒன்றைக் குறித்தால், இரண்டு கேள்விக்குச் சராசரியாக 3 மார்க் மிஞ்சும். அரைகுறையாகத் தெரிந்ததும் வீண் அல்ல. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பழக வேண்டும்.

தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். 2018-இல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போயிற்று. மதுரை ஐகோர்ட்டு 196 மார்க் தரச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்துவிட்டது. தமிழும் ஆங்கிலமும் மாறுபட்டால் ஆங்கிலமே முடிவு என்பது விதி. அது நியாயமா என்பது வேறு விஷயம். பரீட்சை மண்டபத்தில் நியாயம் பேச நேரம் இல்லை. தமிழில் படியுங்கள். கூடவே கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தெரிந்துகொள்ளுங்கள்.

"நீட் தேர்வே வேண்டாம்" என்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-லும், மறுபடி 2022-லும் மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தப் பெரிய வழக்கு அதன் வழியில் போகட்டும். நம் வீட்டுப் பையன் தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது.

தேர்வு மாறும், பழக்கம் மாறாது

நம் வட்டாரத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1984 முதல் 2006 வரை தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்தது. அது போன பிறகு, 2016 வரை பிளஸ் டூ மார்க்தான் டாக்டர் சீட்டைத் தீர்மானித்தது. அந்த நாளில் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். "பிராய்லர் பள்ளி" என்று ஜனங்கள் கேலியும் செய்தார்கள், கடன் வாங்கிச் சேர்க்கவும் செய்தார்கள்!

2017-இல் நீட் மார்க் வந்தது. பிளஸ் டூ மார்க் ராங்குக்குச் சேர்வது இல்லை. பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். ஆனால் அந்தப் பழைய பழக்கம் மட்டும் போகவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கித் தனியார் பள்ளியில் நடுகிறார்கள்.

இங்கேதான் பெரியவரின் மகளைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

2020-இல் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டில் தேறியவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. ஐகோர்ட்டும் 2022-இல் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டத்துக்கு முன்னால் அரசுப் பள்ளியிலிருந்து டாக்டர் படிப்புக்குப் போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பிறகு வருடந்தோறும் நூற்றுக்கணக்கில் போகிறார்கள். கல்லூரிச் சம்பளத்தையும் அரசே கட்டுகிறது. அந்த வரிசையில் போட்டியும் குறைவு. பொது வரிசையில் இடம் கிடைக்காத மார்க்குக்கு இங்கே கிடைக்கிறது.

பதினோராம் வகுப்பில் பெண்ணைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால்? அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும்! பணமும் கட்டி, இடத்தையும் இழப்பது. மார்க் குறைவை அடுத்த வருடம் சரி செய்யலாம். இதை எத்தனை தடவை மனுப் போட்டாலும் சரி செய்ய முடியாது.

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பையனும் பத்து வரைக்கும் அரசுப் பள்ளிதானுங்க" என்றார் மெதுவாக.

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

சீட்டைக் கெடுக்கும் சின்னச் சங்கதிகள்

மார்க் இருந்தும் சீட் போவது உண்டு. அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம் இருக்கிறது. அதற்கு, தமிழ்நாட்டில் தருகிற பி.சி. சான்றிதழ் போதாது. மத்திய அரசின் பட்டியலில் உங்கள் வகுப்பு இருந்தால், ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கலந்தாய்வு தொடங்கிய பிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடிப் பயன் இல்லை.

கல்லூரிப் பட்டியல் கொடுப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். கோவை, பெருந்துறை, கரூர், திருப்பூர், நாமக்கல் என்று வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். ராமநாதபுரத்தில் கிடைத்திருக்கக்கூடிய இடம் வேறு யாருக்கோ போய்விடுகிறது. அங்கே படித்தாலும் டாக்டர்தானே?

"சீட் வாங்கித் தருகிறேன்" என்று வருகிறவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நீட் தேறியிருக்க வேண்டும்.

எத்தனை தடவை?

"இன்னொரு வருசம் விடலாமுங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். அதுவரை பேசாமல் இருந்தவர்.

விடலாம். தேனி மாவட்டத்து அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் 2019-இல் 193 மார்க் வாங்கினார். 2020-இல் மறுபடி எழுதி 664 வாங்கினார்! அதே வருடம் ஒடிசாவில், பாங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 64 வயதுக்காரர் ஒருவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆகவே வயது போய்விட்டது என்ற பேச்சே வேண்டாம்.

ஆனால் இரண்டாவது தடவையும் மார்க் நகராவிட்டால் மூன்றாவது வருடம் கொடுக்கக்கூடாது என்பது என் கருத்து. அதை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து பேசி வைத்துவிட வேண்டும். மிருக வைத்தியம், நர்சிங், பிசியோதெரபி, பார்மசி எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றில் பலவற்றுக்குப் பிளஸ் டூ மார்க்கே போதும். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாடு வைத்திருக்கிற வீட்டில் கால்நடை டாக்டர் என்றால் மட்டமா?

இன்னொன்றும் பையன் இல்லாத சமயம் பார்த்து அந்த அம்மாளிடம் சொன்னேன். "மார்க்கைப் பற்றித் திட்டாதீங்க அக்கா. பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீங்க. சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் உடனே கவனியுங்கள்." 2017 முதல் இந்தத் தேர்வின் பேரால் நம் மாநிலம் பறிகொடுத்த பிள்ளைகளின் படங்களைப் பத்திரிகையில் பார்த்திருக்கிறோம். மனம் உடைந்த பிள்ளையும் பேசலாம், பயந்துபோன பெற்றோரும் பேசலாம். 104-க்கோ 14416-க்கோ போன் செய்தால், எதிர்முனையில் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்.

பையன் திரும்பி வந்தான். அப்பா கேட்டார். "ஏன்டா, அந்தக் கேள்விப் புத்தகம் எங்கடா?"

"பழைய பேப்பரோட அம்மா கட்டி வச்சிருக்குதுங்கப்பா. எடைக்குப் போட."

"இன்னும் போடலீங்க!" என்றார் அம்மாள் அவசரமாக. "அரிசி மூட்டை மேல இருக்குது."

பையன் முதல் தடவையாகச் சிரித்தான். இலையை இழுத்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தான். "பிசிக்ஸ்தானுங்க அண்ணா" என்றான் என்னிடம், வாயில் சோற்றோடு. "எனக்குத் தெரியும். சொல்லப் பயமா இருந்துச்சு."

அந்தப் பெண் இவ்வளவு நேரமும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்படின்னா நான் எங்க பள்ளிக்கூடத்துலயே படிக்கலாமாப்பா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசலாம் அம்மிணி" என்றார்.