கண்ணாடிக்குள் ஒரு கடல்

கடலை வீட்டுக் கூடத்திற்குக் கொணர இயலுமா என்று எவரேனும் முன்பு வினவியிருந்தால் நாம் நகைத்திருப்போம். 2023ஆம் ஆண்டின் இறுதியில், சிங்கப்பூரில் வாழும் தூத்துக்குடி அன்பர் ஒருவரின் இல்லத்தில் அதனைக் கண்ணாரக் கண்ட பின்னர், நகைப்பு வியப்பாக மாறிற்று. அன்றிரவு அவர் உரைத்த ஒரு செய்தி வியப்பையும் கடந்து நம் சிந்தையைக் கிளறிற்று. அதனையே இம்மாதம் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பவளம் என்றதும் நம் தாய்மார்களுக்கு மாலையில் கோத்த செம்மணியே நினைவிற்கு வரும். ஆனால் பவளம் பிறப்பால் கல்லுமன்று, செடியுமன்று. அது ஓர் உயிரினம். கடுகளவும் மிளகளவுமான எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தமக்குத் தாமே வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, தம்மைத் தாங்கும் பவளத்திற்கும் ஊட்டுகின்றன. நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினாலோ, உப்பு திடீரெனக் குறைந்தாலோ இவ்வுறவு முறிகின்றது. பாசி வெளியேறுகின்றது; பவளம் வெளிறுகின்றது.

இத்தகைய உயிரை வீட்டில் வளர்ப்பதற்கு முதல் தேவை பணமன்று, பொறுமையே. சவ்வு வழியே வடித்துத் தூய்மையாக்கிய நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைக்கப்படுகின்றது. அது நம் சமையலறை உப்பன்று. கால்சியமும் மக்னீசியமும் உரிய அளவில் கலந்த உப்பு. பின்னர் துளைகள் மலிந்த பாறைத் துண்டுகளை அடுக்குகின்றனர். அத்துளைகளில் குடியேறும் நுண்ணுயிர்கள், மீனின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா என்னும் நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்வேற்பாடு நிலைபெறச் சில வாரங்களாகும். அன்பர் ஆறு வாரம் வெறுங் கல்லையும் நீரையுமே பார்த்துக்கொண்டிருந்தாராம். உயிருள்ள பாறையே நீரைத் துப்புரவு செய்யும் என்பதை, 1961ஆம் ஆண்டிலேயே இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பார் எழுதி உலகிற்கு அறிவித்தார்.

தொட்டி அமைந்த பின்னரோ, நாள்தோறும் வேலைதான். பகலில் 30 பாகையைத் தாண்டும் அவ்வூர் வெப்பத்தில் நீரை 26 பாகையில் நிறுத்த வேண்டும். அலை எழுப்ப வேண்டும். விளக்கை ஏற்றி அணைக்க வேண்டும். பவளம் உண்ட சுண்ணாம்புச் சத்தை ஈடுசெய்ய வேண்டும். மேலும், நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், குறைந்த அளவிற்கு நன்னீரை ஊற்றிவர வேண்டும். அன்பருடைய தொட்டியும் அதன் அடியிலுள்ள கீழ்த்தொட்டியும் சேர்ந்து 300 லிட்டர் கொள்ளும். அதில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியாகும். இவ்வளவையும் அவர் ஒரு கருவியிடம் ஒப்படைத்திருந்தார். கீழ்த்தொட்டியில் நீர் தாழ்ந்தால் மிதவையும் தாழும். உடனே சிறு மோட்டார் ஓடி நன்னீரை ஊற்றும். மிதவை உயர்ந்ததும் நின்றுவிடும். எல்லாம் செவ்வனே நடக்கின்றது என்பதற்கு அடையாளமாகக் கைபேசியில் பச்சைப் புள்ளிகள் ஒளிரும்.

அவ்வாண்டு மே மாதம், உறவினர் திருமணத்திற்காக அவர் இருபது நாள் ஊருக்கு வந்தார். இருபது நாளைக்கு 60 லிட்டர் என்று கணக்கிட்டு, ஒரு பெரிய வாளியில் நன்னீரை நிரப்பி வைத்துவிட்டுப் புறப்பட்டார். முழங்கால் வலியால் பயணம் செய்ய இயலாத அவருடைய அன்னையார், கல்லூரியில் பயிலும் பேத்தியோடு வீட்டிலேயே தங்கினார்.

நான்காம் நாள் காலையில் அம்மூதாட்டியார் மகனைத் தொலைபேசியில் அழைத்து, “பூவெல்லாம் சுருங்கிக் கிடக்குதய்யா” என்றார். பவளத்தை அவர் பூவென்றே அழைப்பார். மகன் கைபேசியைப் பார்த்தார். வெப்பம் சரி, மின்சாரம் சரி, அனைத்தும் பச்சை. “ஒன்றுமில்லை அம்மா, எல்லாம் நன்றாகவே இருக்கிறது” என்றார். மறுநாளும் அன்னை சொன்னார். மறுநாளும் அதே மறுமொழி. மூன்றாம் முறை அன்னை சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கிளைப் பவளங்களில் பாதி வெண்ணெலும்பாக நின்றன. நீரின் உப்பை அளந்தார். ஏறத்தாழச் சரியாகவே இருந்தது! குழம்பிப்போய் வாளியைத் திறந்தார், அது காலி. தொட்டியைத் துப்புரவு செய்ய விட்ட நத்தையொன்று கீழ்த்தொட்டிக்குள் விழுந்து, மிதவையின் மேல் ஏறி அமர்ந்திருந்தது. மிதவை எழாததால், நீர் குறைந்துவிட்டதென்று கருவி எண்ணி, 60 லிட்டரையும் ஊற்றித் தீர்த்துவிட்டது. கீழ்த்தொட்டியில் இடமிருந்ததால் ஒரு துளியும் தரையில் சிந்தவில்லை. 35 கிராம் உப்பு ஏறத்தாழ 29 ஆகத் தாழ்ந்தது. எஞ்சிய நாள்களில் நீர் ஆவியாக ஆக மீண்டும் ஏறிற்று. குற்றத்தின் சுவடே இல்லை. உப்பை அளக்கும் ஏற்பாடு அக்கருவியில் இல்லை; ஆகவே அது பொய் சொல்லவுமில்லை. தன்னிடம் கேட்கப்பட்டதற்கு மட்டுமே மறுமொழி தந்தது.

அதன் பின் அன்பர் செய்த திருத்தங்கள் எளியவை. முதல் மிதவைக்கு மேலே இரண்டாவதாக ஒன்றை அமைத்து, இரண்டிற்கும் வலைக்கூடு கட்டினார். ஒருமுறைக்குச் சில நிமிடங்களுக்கு மேல் மோட்டார் ஓடாதவாறு வரம்பிட்டார். வாளியை 20 லிட்டராகக் குறைத்தார். அது முழுவதும் கொட்டினாலும் உப்பு 33க்கு அருகிலேயே நிற்கும். வாரமொருமுறை தம் கையாலேயே உப்பை அளக்கின்றார். வெளியூர் சென்றால் முதலில் அன்னையாரிடம் கேட்டுவிட்டு, அதன் பின்னரே கைபேசியைப் பார்க்கின்றாராம்.

இதனைப் படித்து நம் கடற்கரை இளைஞர் எவருக்கேனும் ஆவல் பிறக்குமாயின், ஒன்றை நினைவூட்டுதல் நம் கடன். அன்பர் வளர்ப்பவை, பிற தொட்டிகளில் கிளை ஒடித்துப் பெருக்கப்பட்டவை. நம் மன்னார் வளைகுடாவின் பவளங்களோ, சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல்லாண்டுகள் வெட்டப்பட்டு மிகவும் நலிந்தவை. 2001ஆம் ஆண்டு முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றில் ஒரு துண்டையும் எடுத்தலாகாது. அவை கடலிலேயே இருக்கட்டும்.

ஓயாது திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைக்குக் கருவி நல்ல துணை; அதனை இகழ வேண்டுவதில்லை. ஆயினும் நாள்தோறும் அருகிருந்து பார்க்கும் கண் ஒன்று, எந்த எண்ணும் காட்டாததையும் கண்டுவிடுகின்றது. நம் இல்லங்களிலும் அத்தகைய கண்கள் உள்ளன. அவை பெரும்பாலும் முதிய கண்கள். அவை ஒன்றைச் சொல்லும்போது, மூன்றாம் முறை சொல்லாமல் விட்டுவிடும் நிலைக்கு அவற்றை ஆளாக்காதிருப்போமாக.